குதிரை நின்ற இடம்

1815இல் நெப்போலியன் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூ போர் வாட்டர்லூவில் நடக்கவில்லை. அந்தப் பெயருள்ள ஊர் வடக்கே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. போர்க்களத்துக்குப் போக பிரசெல்ஸில் ரயிலேறி பிரேன்-லாலு நிலையத்தில் இறங்க வேண்டும். நான் போன அக்டோபர் காலையில் அடுத்த பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் இருந்தது. சரி, நடந்துவிடலாம் என்று தூறலிலேயே கிளம்பினேன்.

பன்னிரண்டு வயதில் பார்த்த ஒரு காட்சிதான் என்னை இவ்வளவு தூரம் இழுத்து வந்தது. சோவியத் இயக்குநர் செர்கேய் பந்தார்சுக் 1970இல் எடுத்த 'வாட்டர்லூ' படம். கேமரா வானத்தில் மிதக்கிறது. கீழே காலாட்படை கட்டம் கட்டமாக நிற்கிறது. அந்தக் கட்டங்களைச் சுற்றி ஆயிரக்கணக்கான குதிரைகள் வெள்ளம் போலச் சுழித்து ஓடுகின்றன. கிராபிக்ஸ் இல்லாத காலம். சோவியத் ராணுவத்தின் 15,000 வீரர்களைக் கொண்டுவந்து, உக்ரைனில் உஷ்ஹோரோத் அருகே எடுத்தார்கள். அன்றிலிருந்து குதிரைப்படை ஓவியம் எங்கே கண்ணில் பட்டாலும் நின்றுவிடுவேன்.

போர்க்களத்தில், உச்சியில் சிங்கச் சிலை வைத்த ஒரு மண்மேடு உண்டு, சிங்க மேடு என்பார்கள். அதன் அடிவாரத்தில் ஒரு வட்டக் கட்டடம் இருக்கிறது. உள்ளே 1912இல் லூயி துமூலின் தன் குழுவோடு தீட்டிய பனோரமா: 110 மீட்டர் நீளம், 12 மீட்டர் உயரத்துக்கு ஒரே துணி. படியேறி நடுமேடையில் நின்றால் போர் நம்மைச் சுற்றி நடக்கிறது. நெப்போலியனின் தளபதி மார்ஷல் நே தலைமையில் பிரெஞ்சுக் குதிரைப்படை பாய்கிற நேரத்தைத் தீட்டியிருக்கிறார்கள். மூக்கு விடைத்த குதிரைகள், பளபளக்கும் மார்புக் கவசங்கள், தூக்கிப் பிடித்த வாள்கள். ஓவியத்துக்கும் மேடைக்கும் நடுவில் நிஜ மண்ணைக் கொட்டி, அதில் பொம்மைப் பிணங்களைக் கிடத்தியிருக்கிறார்கள். துணி எங்கே தொடங்குகிறது, மண் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடவே இல்லை. அரை மணி நேரம் அங்கேயே நின்றேன்.

அப்புறம் 226 படி ஏறி மேட்டின் உச்சிக்குப் போனேன். இந்த மேடு போருக்குப் பின் கட்டப்பட்டது, 1826இல் முடிந்தது. அதற்கு மண்ணைப் போர்க்களத்திலிருந்தே வெட்டி எடுத்ததால், நெப்போலியனை எதிர்த்த பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் படை நின்ற முகடு இன்று தாழ்ந்துபோய்க் கிடக்கிறது. மேலிருந்து பார்க்க எல்லாம் தட்டையாகத் தெரிகிறது. இறங்கி வயல்களுக்கு நடுவே நடந்தபோதுதான் விஷயம் புரிந்தது.

முதல் நாள் இரவும் மழை பெய்திருந்தது. பத்து அடி நடப்பதற்குள் ஷூவில் களிமண் அப்பிக்கொண்டு ஒவ்வொரு காலும் ஒரு கிலோ கூடிவிட்டது. 1815 ஜூன் 18க்கு முந்தின இரவும் இங்கே கொட்டித் தீர்த்த மழைதான். அன்று இந்தச் சரிவில் ஏறிய குதிரையின் முதுகில் ஆள், சேணம், வாள், அதோடு ஏழெட்டு கிலோ எடையுள்ள இரும்புக் கவசம். காய்ந்த தரையிலேயே குதிரைப்படை முதலிலிருந்து நாலுகால் பாய்ச்சலில் வராது. முழங்காலோடு முழங்கால் உரச வரிசை கலையாமல் வந்து, கடைசிக் கொஞ்ச தூரத்தில்தான் வேகமெடுக்கும். இந்தச் சேற்றிலோ அந்த வேகமும் கிடைக்கவில்லை.

மேலே ஏறி வந்தவர்களுக்கு முகட்டின் பின்னால் காத்திருந்தவை, படத்தில் கட்டம் கட்டமாகத் தெரிந்த அந்தக் காலாட்படைச் சதுரங்கள். ஒவ்வொன்றின் நாலு பக்கமும் துப்பாக்கி முனைக் கத்திகள். குதிரைக்கு வீரசாகசம் தெரியாது. கூர்முனை வேலியைக் கண்டால் விலகும், இல்லை நின்றுவிடும். மாலை நான்கு மணி வாக்கில் தொடங்கி மறுபடி மறுபடி பாய்ந்தார்கள். ஒரு கட்டத்தில் சுமார் 9,000 குதிரை வீரர்கள் களத்தில் இருந்தார்கள். சதுரங்களின் நடுவே புகுந்து சுற்றிவந்தார்களே தவிர, ஒன்றையும் உடைக்க முடியவில்லை. பிரிட்டிஷ் பீரங்கிக்காரர்கள் சதுரங்களுக்குள் ஓடி ஒளிவார்கள். குதிரைகள் திரும்பியதும் வெளியே வந்து மறுபடி சுடுவார்கள். பந்தார்சுக்கின் வானத்துக் காட்சி இதைச் சரியாகவே பிடித்திருக்கிறது. சிறு வயதில் நான் அதில் வேகத்தை மட்டும் பார்த்திருக்கிறேன். 2023இல் வந்த 'நெப்போலியன்' படத்தில் நெப்போலியனே வாளோடு குதிரைப்படை நடுவில் பாய்வார். அவர் அன்று அப்படி எதுவும் செய்யவில்லை. இந்த மண்ணில் நின்று நினைத்தபோது அந்தக் காட்சி மீது நிஜமாகவே கோபம் வந்தது.

இரண்டு நாள் கழித்துப் பாரிஸ். அன்வலித் வளாகத்தில் உள்ள ராணுவ அருங்காட்சியகத்தில் ஒரு கவசம் இருக்கிறது. அந்துவான் ஃபவோ என்ற கராபினியே வீரருடையது, அதாவது கவசமணிந்த பிரெஞ்சுக் குதிரைவீரருடையது. வயது 23. வாட்டர்லூவில் ஒரு பீரங்கிக் குண்டு வலது மார்பில் புகுந்து முதுகு வழியாக வெளியேறியிருக்கிறது. முன்புறத் துளையின் விளிம்பு உள்நோக்கி மடிந்திருக்கிறது. அதன் வழியே பார்த்தால் பின் தகடு கிழிந்து வெளியே பிதுங்கியிருப்பது தெரிகிறது. துளையைச் சுற்றியுள்ள பித்தளை இன்னும் மங்காமல் மின்னுகிறது. பனோரமாவில் நான் ரசித்தது இதே மினுமினுப்பைத்தான். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் பேசிக்கொண்டே வந்தது. அந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன் வந்ததும் எல்லாக் குழந்தைகளும் அமைதியாகிவிட்டார்கள்.

மதியம் லூவர் அருங்காட்சியகத்தில் பிரெஞ்சு ஓவியர் தியோதோர் ஜெரிகோவின் இரண்டு ஓவியங்களைத் தேடிப் போனேன். இரண்டும் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் உயரம். முதலாவது 1812இல், அவருக்கு 21 வயதில் தீட்டியது. முன்னங்கால் தூக்கிய சாம்பல் நிறக் குதிரை, அதன் மேல் உடலைத் திருப்பிப் பின்னால் பார்க்கும், நெப்போலியனின் காவல்படை அதிகாரி, கையில் வளைந்த வாள், சுற்றிலும் நெருப்பும் புகையும். அழகுக்குக் குறைவே இல்லை. பார்ப்பவரையும் குதிரையில் ஏற்றிவிடும்.

இரண்டாவது 1814இல், ரஷ்யாவில் நெப்போலியன் கண்ட தோல்வியெல்லாம் முடிந்தபின் தீட்டியது. போர்க்களத்தைவிட்டு விலகும் காயமடைந்த கவச வீரர். இங்கே அவர் குதிரையிலிருந்து இறங்கிவிட்டார். சரிவில் கால் வழுக்காமலிருக்க வாளை ஊன்றிக்கொண்டு, கழுத்தைத் திருப்பி மேலே இருண்ட வானத்தைப் பார்க்கிறார். கவசம் மின்னத்தான் செய்கிறது, ஆனால் உடம்பில் ரத்தம் எங்கும் தெரியவில்லை. காயம் முகத்தில்தான் இருக்கிறது. பின்னால் குதிரை மிரண்டு பின்னங்காலில் ஒடுங்குகிறது.

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் முதல் ஓவியத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். நான் இரண்டாவதன் முன்னால் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, அவருடைய ஒரு கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு நடந்தும் அந்தக் கை கடிவாளத்தை விடவில்லை.