ஓ-யு-ஜி-எச் வேட்டை: இதுவரை

மூன்று வாரத்துக்கு முன் ஒரு பழைய நோட்டை எடுத்து, ஓ, யு, ஜி, எச் என்ற நான்கு எழுத்தும் இதே வரிசையில் ஒட்டிக்கொண்டு வரும் ஆங்கிலச் சொற்களை எல்லாம் சேர்ப்பது என்று ஆரம்பித்தேன். எழுத்துக்கூட்டலில் நான் அதிகம் அடி வாங்கியது இந்த நால்வரிடம்தான். பழைய கணக்கைத் தீர்க்க வேண்டாமா?

முதல் நாள் நினைவிலிருந்து மட்டும் எழுதினேன். த்ரூ, தோ, தாட், டஃப், ரஃப், இனஃப், காஃப், பாட், ப்ராட் என்று கடகடவென்று வந்தது. பதினான்கில் நின்றுவிட்டது. அகராதியைப் புரட்டினால் வேலைக்கு ஆகவில்லை, ஏனென்றால் அகராதி முதலெழுத்துப்படி அடுக்கியது. எனக்கு வேண்டியதோ சொல்லின் நடுவிலும் வாலிலும் இருக்கிறது. சரி, எதுகை அகராதி உதவும் என்று போனேன். அது ஒலிப்படி அடுக்கியது. இந்த நான்கு எழுத்துக்கு ஒரே ஒலி இருந்தால் அல்லவா அங்கே ஒன்றாக உட்கார்ந்திருக்கும்!

கடைசியில் வரிக்கு ஒரு சொல்லாக இருக்கும் சொற்பட்டியல் கோப்பு ஒன்றை எடுத்து, எழுத்துத் திருத்தியில் திறந்து தேடினேன். கொத்துக் கொத்தாக விழுந்தது. பெரும்பாலும் சொந்தபந்தங்கள்தான்: தாட்ஃபுல், ரஃப்லி, காஃபிங், டோநட் என்று ஒட்டுப் போட்டவை. அவற்றை உதிர்த்துவிட்டுப் பார்த்தால் அடிச்சொற்கள் 30க்குள் அடங்கிவிட்டன. இத்தனை வருடம் என்னைப் படுத்திய கூட்டம் இவ்வளவு சின்னதா என்று இருந்தது. போகிற போக்கில் ரஃப்ஹவுஸ் என்ற சொல்லும் கிடைத்தது. அதில் ஜிக்குப் பின் இரண்டு எச் அடுத்தடுத்து நிற்கின்றன. அதற்கும் நோட்டின் ஓரத்தில் ஒரு நட்சத்திரம்.

அப்புறம்தான் உண்மையான வேலை. எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில், காதில் விழுகிறபடி எழுதினேன். அடையாளத்துக்காகச் செய்தது, ஆனால் அதுவே சல்லடையாகிவிட்டது. ஆங்கிலத்தில் ஒரே வால் உள்ள சொற்கள் தமிழில் தனித்தனியாகப் பிரிந்து நின்றன. தோ, டோ, ஃபர்லோ ஒரு பக்கம். டஃப், ரஃப், இனஃப், செங்கால் காக்கையான சஃப் ஒரு பக்கம். காஃப், ட்ராஃப் தனி. மரக்கிளையான பௌ, கலப்பையான ப்ளௌ, வறட்சியான ட்ரௌட் தனி. பிரிட்டிஷ் உச்சரிப்பில் நகரப் பகுதியைக் குறிக்கும் பரா, ‘முழுமையான’ என்ற தரா என்று வால் தேய்ந்தவை தனி. த்ரூ மட்டும் யாரும் இல்லாமல் ஒற்றையாக. ஹிக்கப்பும் அப்படியே. ஸ்லௌ என்று படித்தால் சேற்றுக்குழி, ஸ்லஃப் என்று படித்தால் பாம்பு சட்டை உரிப்பது. எழுத்தில் இரண்டும் ஒன்றுதான்.

உருப்படியான ஒரு விதி சிக்கியது. இந்த நான்கு எழுத்துக்குப் பின் டி வந்தால் ஒலி கிட்டத்தட்ட எப்போதும் ‘ஆட்’: தாட், பாட், ப்ராட், சாட், ஃபாட், ராட். முரண்டு பிடிப்பது ட்ரௌட், கூடவே துணிச்சலைக் குறிக்கும் டௌட்டி. இன்னொன்றும் கவனித்தேன்: நான் சொன்ன ஆறும் இறந்தகால வினைகள். கடைசியில் உள்ள ராட், ‘வேலை செய்’ என்ற வொர்க்கின் பழைய இறந்தகாலம். அடித்து உருவாக்கிய இரும்பை ராட் அயர்ன் என்பது அதனால்தான்.

இரண்டாவது வாரம் முழுக்க ஜி-எச் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில் போயிற்று. பழைய ஆங்கிலத்தில் அங்கே தொண்டையை உரசும் ஒரு ஒலி உண்மையாகவே இருந்தது. ஜெர்மன்காரர்கள் இன்றும் இரவை நாஹ்ட் என்றும் மகளைத் தோஹ்டர் என்றும் அந்த ஒலியோடு சொல்கிறார்கள். ஆங்கில நைட்டிலும் டாட்டரிலும் எழுத்து இருக்கிறது, ஒலி இல்லை. ஏரியைக் குறிக்கும் அயர்லாந்துச் சொல்லான லாஹ்-இல் மட்டும் அது இன்னும் மூச்சு விடுகிறது. 1476இல், இங்கிலாந்துக்கு அச்சுக்கலையைக் கொண்டுவந்த வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். அச்சு பரவப் பரவ எழுத்துக்கூட்டல் உறைந்தது. நாக்கு தன்பாட்டில் நகர்ந்துகொண்டே இருந்தது. தொண்டை ஒலி சில சொற்களில் மறைந்தது, சிலவற்றில் உதட்டுக்கு ஏறி ஃப் ஆனது.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். டஃப் என்று எழுத நான் போட்டது ஆய்தம். அஃது, எஃகு என்று சொல்லும்போது தொண்டைப் பக்கம் உரசுகிற அதே எழுத்தைத்தான், நாமும் உதட்டொலியை எழுதப் பகரத்துக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறோம். அங்கே ஒலி இடம் மாறியது, இங்கே எழுத்து வேலை மாறியது. இரண்டுக்கும் உறவு எதுவும் கிடையாது, தற்செயல்தான். ஆனாலும் இந்த மூன்று வாரத்தில் எனக்குப் பிடித்த பக்கம் அதுதான்.

ஏமாற்றிய இருவரைச் சொல்லியாக வேண்டும். ராணுவ விடுப்பைக் குறிக்கும் ஃபர்லோ டச்சு மொழியின் வெர்லோஃப்பிலிருந்து வந்தது. அதாவது பிறப்பிலேயே ஃப் இருந்த சொல். தொண்டை ஒலியோடு பிறந்த ரஃப் ஃப்பைப் பெற்றது. ஃப்போடு பிறந்தது அதைத் தொலைத்துவிட்டு ஓ என்று நிற்கிறது. அடுத்தது ஹிக்கப். விக்கல் மாதிரியே சத்தத்திலிருந்து பிறந்த சொல். இருமலுக்குச் சொந்தம் என்று யாரோ நினைத்துக் காஃப்பின் எழுத்தைக் கொண்டுபோய் வாலில் ஒட்டினார்கள். ஒலி மாறவில்லை. ஒலிக்கிறபடியே எழுதும் எளிய கூட்டலே இன்று அதிகம் புழங்குகிறது, நியாயம்தான்.

என் முறையில் ஒரு ஓட்டை உண்டு. தோவில் வரும் மெல்லிய த-வும் தாட்டில் வரும் வல்லின த-வும் தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன. வாலைப் பிரிக்கத் தமிழ் போதும், தலையைப் பிரிக்கப் போதாது. புள்ளி வைத்துச் சமாளித்திருக்கிறேன். நோட்டு கொஞ்சம் அசிங்கமாகிவிட்டது.

நேற்று ஓவை எடுத்துவிட்டு ஏ போட்டுப் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே ஒன்று கிடைத்தது. சிரிப்பைக் குறிக்கும் லாஃப்டர். அதன் முன்னால் ஒரு எஸ் சேர்த்தால் ஃப் காணாமல் போய் ஸ்லாட்டர் ஆகிறது, படுகொலை. புதிய நோட்டு வாங்கியாயிற்று.