மாங்கன்றை எந்த இடத்தில் வெட்டுவது?

கொழும்பில் வெள்ளவத்தை, தெகிவளைப் பக்கத்து முற்றங்களில் ஒட்டுமாங்கன்றுகள் பல கிளையே இல்லாமல், ஒற்றைக் கம்பாக மதிலைத் தாண்டி நிற்கும். யூரியா போட்டால் கம்பு இன்னும் நீளும், அவ்வளவுதான். பக்கத்து மாடிக் கட்டடத்தின் நிழலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நிழலில் ஒட்சின், ஜிபரெலின் என்ற வளர்ச்சி ஓமோன்கள் தண்டை இழுத்து நீட்டிவிடும்.

நுனித் தளிரில் உண்டாகும் ஒட்சின், பட்டைக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள மாறிழையத்தை ஒட்டிக் கலத்துக்குக் கலம் கைமாறி, மணிக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் வேகத்தில் கீழே இறங்கும். அதை வெளியே தள்ளும் புரதங்கள் கலத்தின் அடிப்பக்கத்தில் குவிந்திருப்பதால் திசை மாறாது. வேரிலிருந்து சைற்றோகைனின் என்ற இன்னொரு ஓமோன், நீர் கடத்தும் காழ் வழியே நீரோடு ஏறிவரும். அரும்பை எழுப்புவது அது. இறங்கிவரும் ஒட்சினோ அரும்பை உறங்க வைக்கும். நுனியை வெட்டினால் அடக்குவதற்கு ஆளில்லை, பக்க அரும்புகள் கிளையாகும்.

வெட்டும் உயரம் 60 முதல் 70 சென்ரிமீற்றர். ஆனால் உயரத்தைவிட இடம் முக்கியம். மாவின் தண்டில் ஒவ்வொரு துளிர்ப்பும் முடிந்த இடத்தில் இலைகள் நெருங்கி ஒரு வளையம் போலத் தெரியும். அரும்புகளும் அங்கேதான் மொய்த்திருக்கும். வளையத்துக்கு மேலே வெட்டினால் ஐந்தாறு கிளை ஒரே புள்ளியில் கிளம்பும். பின்னாளில் காய்ப் பாரத்தில் பிளப்பது அந்த இடம்தான். வளையத்துக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள்: இடைவெளி விட்டு மூன்று நான்கு கிளை வரும். திசைக்கொன்றாக மூன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடலாம்.

வெட்டுக்குக் கீழே முற்றிய இலை இருக்கவேண்டும். நுனியை நீக்கியதும் அரும்பை முதலில் எழுப்புவது இலையிலிருந்து வரும் சீனி என்று ஆய்வாளர்கள் பட்டாணிச் செடியில் 2014இல் காட்டினார்கள். மொட்டைக் கம்பு சோம்பலாகத் துளிர்ப்பதில் வியப்பில்லை. சிவந்த இளந்தளிர் தொங்கும்போதும் வெட்டவேண்டாம். சேமிப்பெல்லாம் அந்தத் தளிருக்கே போயிருக்கும். பொலித்தீன் பையில் வேர் சுருண்ட கன்று என்றால் முதலில் வேரைப் பிரித்து நடுங்கள், புதுவேர் ஓடட்டும்.

கொழும்புக்கு ஜனவரி, பெப்ரவரிதான் தோது. காயம் காய்ந்துவிடும், ஏப்ரல் மழை புதுக் கிளைக்கு உதவும். அடைமழையில் வெட்டினால் இளந்தளிரை அந்திரக்னோஸ் என்ற பூஞ்சண நோய் கருக்கிவிடும்.

ஒரு பக்கம் மட்டும் வெறுமையாக இருந்தால், அங்குள்ள அரும்புக்கு அரைச் சென்ரிமீற்றர் மேலே, சுற்றளவில் மூன்றிலொரு பங்குக்கு, மரம் தட்டும்வரை பட்டையைக் கீறுங்கள். மேலிருந்து வரும் ஒட்சின் அந்த இடத்தில் தடைப்படும். அரும்புக்குக் கீழே கீறிப் பயனில்லை. மாவில் இது எப்போதும் பலிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊன்றுகோலைக் கம்பியால் இறுக்காதீர்கள், உணவு கடத்தும் உரியம் நெரிபடும். தளர்ந்த துணிக்கட்டு போதும். காற்றில் சற்று ஆடும் தண்டுதான் தடிக்கும். அதில் எதிலீன் என்ற ஓமோனுக்கும் பங்குண்டு.

வெட்டிய பிறகு ஒட்டுக்குக் கீழேயும் அரும்பு விழிக்கும். அது காட்டுமாங்கிளை. விரல் நீளம் ஆகுமுன் தேய்த்து அகற்றாவிட்டால், மேலே ஒட்டிய கறுத்தக்கொழும்பான் இனத்தை அது மிஞ்சிவிடும். சீக்கிரம் பூக்கட்டும் என்று பக்லோபியூட்ரசோல் ஊற்றுவது இளங்கன்றுக்கு ஆகாது. ஜிபரெலின் உற்பத்தியைத் தடுக்கும் மருந்து அது, மண்ணில் நீண்டகாலம் தங்கிக் கன்றைக் குறுக்கிப்போடும்.