புளி போட்டுத் தேய்க்காதீர்கள்: குண்டுவீச்சு விமானத் துண்டுகள்

இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தகடு கிடைத்ததும் அதைப் பளபளப்பாக்கத்தான் கை பரபரக்கும். புளி, பல்பொடி, உப்புத்தாள் எதுவும் வேண்டாம். துண்டின் மதிப்பே பெயின்ட்டிலும் முத்திரையிலும்தான் இருக்கிறது.

உள்பக்கம் மஞ்சள்பச்சையாக இருந்தால் அது பெரும்பாலும் ஜிங்க் குரோமேட் என்ற அரிப்புத் தடுப்புப் பூச்சு. அமெரிக்க விமானங்களில் சர்வசாதாரணம். தேய்த்தால் எழும் தூசி புற்றுநோயை வரவழைக்கக்கூடியது. 'ஆல்கிளாட் 24எஸ்-டி' (ALCLAD 24S-T) என்ற அலுமினியத் தகட்டு வகையின் மை முத்திரை தெரிகிறதா என்று சாய்வெளிச்சத்தில் பாருங்கள். ரிவெட் தலையின் நடுவில் சிறு குழி இருந்தால் அது அமெரிக்க 'ஏடி' (AD) வகை, மேடான புள்ளி இருந்தால் 'டி' (D), இரண்டு மேடான கோடுகள் இருந்தால் 'டிடி' (DD).

இவற்றில் எதுவும் குண்டுவீச்சு விமானம் என்பதற்குச் சாட்சியல்ல. லிபரேட்டர் என்ற குண்டுவீச்சு விமானத்துக்கும் டகோட்டா என்ற போக்குவரத்து விமானத்துக்கும் ஒரே குடும்பத்து எஞ்சின்தான்: பிராட் அண்ட் விட்னி ஆர்-1830, 14 சிலிண்டர். டகோட்டா போருக்குப் பிறகும் இங்கே பல ஆண்டுகள் பயணிகளை ஏற்றிப் பறந்தது. லிபரேட்டர்களையே நம் விமானப்படை 1968 வரை வைத்திருந்தது. உளுந்தூர்பேட்டையில் போர்க்கால ஓடுபாதை இருப்பதால் 'அங்கே விழுந்தது சார்' என்று விலை ஏற்றுவதும் சுலபம். விமானத்தின் தொடர் எண், விழுந்த நாள், இடம் மூன்றும் எழுத்தில் இல்லாவிட்டால் அலுமினிய எடைக்கு மேல் காசு கொடுக்காதீர்கள். பிரிட்டனிலிருந்து வரவழைத்தால் தோண்டியதற்கான உரிம நகலைக் கேளுங்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே ராணுவ விமானம் விழுந்த இடத்தை உரிமமின்றித் தோண்டக்கூடாது.

கடலூர் துறைமுகத்தில் வலையோடு ஏறி வந்த தகடு என்றால் காயவே விடாதீர்கள். உள்ளே இறங்கிய உப்பு படிகமாகி பெயின்ட்டைச் செதில் செதிலாக உரித்துவிடும். உள்ளங்கை அளவுத் துண்டுக்கு 5 லிட்டர் பிளாஸ்டிக் வாளி போதும். கரையோர போர்வெல் தண்ணீரே உப்பு என்பதால் பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டர் வாங்கி அதில் ஊறவைத்து, வாரம் ஒருமுறை மாற்றுங்கள். பழைய நீரில் கொஞ்சம் எடுத்து, இரண்டு சொட்டு நீர்த்த நைட்ரிக் அமிலமும் பிறகு சில்வர் நைட்ரேட்டும் விட்டால், உப்பு இருக்கும்வரை பால்போலக் கலங்கும். அடுத்தடுத்து இரண்டு முறை கலங்காவிட்டால் நிறுத்தலாம். மாதக்கணக்கில் ஆகும்.

சிக்கல் அலுமினியத்தோடு சேர்ந்திருக்கும் இரும்பு போல்ட்டில். இரும்புக்குச் சொல்லப்படும் காஸ்டிக் சோடா ஊறல் அலுமினியத்தைக் கரைத்துவிடும். கழற்ற முடியாத இணைப்பு என்றால் வெறும் தண்ணீரோடு நிற்பதே உத்தமம். சக்கர ஹப் போன்ற மக்னீசிய வார்ப்புகளை ஊறவே வைக்காதீர்கள். அவற்றை அரம் போட்ட தூள் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றுவது இன்னும் மோசம். உலர்ந்த மணல் கொட்ட வேண்டும்.

நிழலில் காய்ந்தபின், அசிட்டோனில் 5 சதவீதம் கரைத்த பாராலாய்டு பி-72 என்ற நிறமற்ற அக்ரிலிக் பிசின் ஒரு பூச்சு. பிறகு மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல். ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். கண்ணாடி வைத்த பிளைவுட் அலமாரி அழகுதான், ஆனால் அது விடும் அமில ஆவி உலோகத்தை அரிக்கும்.

தோட்டா எதையும் வீட்டுக்குக் கொண்டுவராமல் போலீசுக்குச் சொல்லுங்கள். எலும்பு தென்பட்டால் தோண்டுவதை அங்கேயே நிறுத்திவிட்டு அவர்களையே அழையுங்கள். மீட்டர் டயல் இருட்டில் ஒளிரவில்லை என்பதற்காகக் கண்ணாடியைத் திறக்காதீர்கள். செத்தது ஒளிரும் ஜிங்க் சல்பைடுதான், அதோடு கலந்த கதிரியக்க ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டு.