டிராப்-டவுனில் ஒரு வசவு

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? நடுரோட்டுல கடந்திருக்கார். ஜேவாக்கிங்னு போட்டுட்டு அடுத்த ஃபைலை எடு" என்றார் எங்கள் டீம் லீடர். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அதனால்தானோ என்னவோ, இன்னும் மனசுக்குள் அவரோடு வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

கலிஃபோர்னியாவிலிருந்து வந்த விபத்து இன்சூரன்ஸ் க்ளெய்ம் அது. சிக்னலில் இல்லாமல் கண்ட இடத்தில் சாலையைக் கடப்பதற்குத்தான் அமெரிக்காவில் ஜேவாக்கிங் என்று பெயர். லாஸ் ஏஞ்சலஸில் ஒரு முதியவர் இரண்டு சிக்னல்களுக்கு நடுவே சாலையைக் கடக்கும்போது கார் இடித்திருக்கிறது. பாதசாரி எப்படி நடந்துகொண்டார் என்கிற டிராப்-டவுன் பட்டியலில் நான் 'மற்றவை' என்பதை அழுத்திவிட்டு, குறிப்பில் 'சிக்னல்களுக்கு நடுவே கடந்தார்' என்று எழுதியிருந்தேன்.

"அங்கே சட்டமே மாறிடுச்சே சார்" என்றேன். 2023 ஜனவரி 1 முதல் அந்த மாநிலத்தில், வண்டி மோதிவிடும் என்கிற உடனடி ஆபத்து இருந்தால் ஒழிய, இப்படிக் கடப்பவரை போலீஸ் நிறுத்தி அபராதம் போட முடியாது.

"ஃபைன்தான் போச்சு. பார்த்துக் கடக்கணும்ங்கற பொறுப்பு போகலையே?"

சரிதான். அந்தச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் அதை ஜேவாக்கிங் என்று மாற்றிவிட்டார்.

அந்தச் சொல்தான் எனக்கு ஒத்துவரவில்லை. ஜே என்ற ஆங்கில எழுத்து மாதிரி வளைந்து நடப்பதால் வந்த பெயர் என்று டிரெய்னிங்கில் சொல்லிக்கொடுத்தார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் கட்டுக்கதை. ஜே என்பது காக்கை இனத்துப் பறவை, ஓயாமல் கத்தும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கப் பேச்சில் அது பட்டிக்காட்டானைக் குறிக்கிற வசவாகிவிட்டது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், 1905 வாக்கில் கான்சாஸ் பக்கம் அந்த வசவு விழுந்தது வண்டி ஓட்டுகிறவர்மேல். தப்பான பக்கத்தில் ஓட்டுபவன் 'ஜே டிரைவர்'. ஜேவாக்கர் என்றால் நடைபாதையில் ஒழுங்கில்லாமல் அடுத்தவர்மேல் இடித்துக்கொண்டு போகிறவர், அவ்வளவுதான்.

அப்புறம் கார்கள் பெருகின, சாவுகளும் பெருகின. 1923இல் சின்சினாட்டி நகரில் 42,000 பேர் கையெழுத்துப் போட்டார்கள், கார்களில் மணிக்கு 25 மைலுக்கு மேல் போகவிடாத கருவியைப் பொருத்தவேண்டும் என்று. கார் விற்பவர்கள் சேர்ந்து பிரசாரம் செய்து அதை வாக்கெடுப்பில் தோற்கடித்தார்கள். சாலை யாருடையது என்ற கேள்வியே தலைகீழாகிவிட்டது. 1925இல் லாஸ் ஏஞ்சலஸ், நடப்பவர் எங்கே கடக்கலாம் என்று கட்டுப்படுத்தும் போக்குவரத்து விதிகளைக் கொண்டுவந்தது. மற்ற நகரங்கள் அதைப் பார்த்துச் செய்தன. ஓட்டுபவரைத் திட்டிய சொல் காணாமல் போய்விட்டது. நடப்பவரைத் திட்டிய சொல் எங்கள் டிராப்-டவுன் வரை வந்துவிட்டது.

இதையெல்லாம் டீம் லீடரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? கலிஃபோர்னியாவில் தப்பைச் சதவீதமாகப் பிரிப்பார்கள். 70 சதவீதம் தப்பு உங்களுடையது என்றாலும் மீதி 30க்கான இழப்பீடு உண்டு. ஃபைலைப் பிரிக்கிறவர் கண்ணில் முதலில் படுவது அந்த ஒற்றைச் சொல் என்றால், சதவீதம் அங்கேயே சாய்ந்துவிடாதா? இது என் கட்சி. நான் எழுதிய வரியைப் படித்தாலும் அனுபவசாலி அதே முடிவுக்குத்தான் வருவார் என்பது அவர் கட்சி. சில நாள் அவர் கட்சிதான் பலமாகத் தெரிகிறது.

தினமும் ஓஎம்ஆரில் மீடியன் இடைவெளியில் புகுந்து கடக்கிற எனக்கு இதைப் பேச என்ன தகுதி என்றும் தோன்றும். அந்தத் தகுதியில்தான் பேசுகிறேனோ என்னவோ.

"சொல்லை மாத்தினா அவர் சிக்னல்ல கடந்ததா ஆயிடுமா?" என்று மதியம் கேன்டீனில் கேட்டார். கோபமாக இல்லை, சிரித்துக்கொண்டுதான். ஆகாது சார். ஆனால் பக்கத்துச் சிக்னல் எவ்வளவு தூரம் என்று அந்த ஃபைலில் எங்கேயும் கேட்கவில்லை.

இப்போது அவர் சொன்னபடியே ஜேவாக்கிங்கை அழுத்துகிறேன். மேப்பில் அளந்து அந்தத் தூரத்தையும் குறிப்பில் எழுதிவிடுகிறேன். அதை அவர் அழிப்பதில்லை. ஒரு ஃபைலுக்கு எனக்கு ஆகிற நேரம் கூடிக்கொண்டே போகிறது என்று மட்டும் போன ரிவ்யூவில் சொன்னார்.