முதுகில்லாத சிற்பம்

ஜனவரி 11, சனி

ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் போனேன். கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966இல் ஓவியர்களும் சிற்பிகளும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற காசில் எழுப்பிக்கொண்ட கிராமம்.

பி.வி. ஜானகிராமின் உலோகச் சிற்பத்தை விட்டு நகர முடியவில்லை. வார்ப்பு கிடையாது. தகட்டைத் தட்டி வளைத்து, மேலே கம்பியைப் பற்றவைத்தே கண்ணும் நகையும் வரைந்திருக்கிறார். மூலவருக்குச் சாத்தும் கவசத்திலிருந்து கிளைத்த முறை இது. முன்னிருந்து பார்க்கவென்றே செய்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் சோழர் செப்புத் திருமேனிகளைச் சுற்றி வந்தால் முதுகும் பின்னலும்கூட அவ்வளவு நேர்த்தி. அந்த மரபை நன்றாக அறிந்தவர்தான் முதுகே வேண்டாமென்று விட்டிருக்கிறார். தெய்வம் எழுந்து போன பிறகும் நிற்கிற கவசம் மாதிரி இருக்கிறது. பெரிய துணிச்சல். ‘மரபும் நவீனமும் கலந்தது’ என்று எழுதி முடித்துவிடுகிறோமே, அந்த வரியில் இது எங்கே வருகிறது?

ஜனவரி 12, ஞாயிறு

நேற்று பார்த்த பணிக்கர் ஓவியங்கள். 1963இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை. ஜாதகக் கட்டம் போலவும் கணக்கு நோட்டு போலவும் எழுத்து ஓடுகிறது, வாசிக்க வராது. வாசிக்க வைக்காமல் கண்ணை வரி வரியாக நடக்க வைக்கிறார், அதுதான் வேலை. பிறகு வந்த பலர் பூஜை யந்திரத்தையும் பிராமி எழுத்தையும் கேன்வாஸில் தூவியதோடு நிறுத்திக்கொண்டார்கள். அவற்றில் அந்த நடை இல்லை, அலங்காரம்தான் இருக்கிறது.

ஜனவரி 19, ஞாயிறு

இன்று முழுக்கப் போபால் விஷவாயுக் கசிவு, 1984. புதைக்கப்படும் ஒரே குழந்தையை இருவர் எடுத்த படங்கள். ரகு ராய் எடுத்தது கருப்பு வெள்ளை. பாப்லோ பார்தலோமியூ எடுத்தது வண்ணம், அந்த ஆண்டின் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருது பெற்றது.

ராயின் படத்தில் தோலும் மண்ணும் ஒரே சாம்பல். திறந்த கண்கள். முகத்தருகே, மூடப்போகும் ஒருவரின் கை. அந்தக் கையைப் பார்த்தால் தொண்டை அடைக்கிறது. ஆனால் கருப்பு வெள்ளை அந்தச் சாவைக் காலத்துக்கு வெளியே தூக்கி, என்றைக்குமான துயரமாக ஆக்கிவிடுகிறது. வண்ணத்தில் மண் வெறும் மண், அது டிசம்பர் மாதத்து ஒரு நாள். படமாக ராயுடையதுதான் மேல். சாட்சியாக எனக்கு வண்ணப் படமே வேண்டும். விபத்தை விதியாகப் பார்க்க அது இடம் கொடுக்கவில்லை.

எதைச் சுவரில் மாட்டினாலும் கீழே யூனியன் கார்பைடு என்ற பெயர் இருக்க வேண்டும்.