முன்கையில் ஓர் ஊசி

காலையில் அம்மாவுக்கு இன்சுலின் போடும்போது, "யூனிட் சரியா பாத்தியா?" என்று வழக்கம்போல இரண்டு தடவை கேட்டார்.

2017-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜோசையா சேனர் என்ற 'பயோஹேக்கர்' (தன் உடம்பிலேயே உயிரியல் பரிசோதனை செய்துபார்ப்பவர்) மேடையிலேயே தன் முன்கையில், மரபணுவை வெட்டி மாற்றும் கிரிஸ்பர் ஊசியைக் குத்திக்கொண்ட வீடியோ ஞாபகம் வந்தது.

தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மயோஸ்டாட்டின் மரபணுவை முடக்குவதுதான் அவர் திட்டம். கை என்னவோ அப்படியேதான் இருந்தது.

சரி, அவர் உடம்பு, அவர் இஷ்டம். ஆனால் இன்சுலின் கூடிப்போனால் உடனே சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்துச் சமாளிக்கலாம், மரபணுவில் தப்பான இடத்தில் வெட்டு விழுந்தால் எதைக் கரைத்துக் கொடுப்பது?

இப்படிச் செய்து யாருக்காவது பாதிப்பு வரப்போகிறது என்று 2018-இல் சேனரே கவலைப்பட்டார்.

அம்மா இன்னும் சிரிஞ்சின் கோடுகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார், கண்ணாடி இல்லாமல்.