கலைச்சொல்லை இரண்டு தடவை பிரியுங்கள்

உயர்தரத்தில் உயிரியலைத் தமிழில் படித்துவிட்டுப் பல்கலைக்கழகம் போகும் மலையகப் பிள்ளைகளை முதல் வருடத்தில் திணறடிப்பது பாடம் இல்லை, நீளமான ஆங்கிலக் கலைச்சொற்கள்தான். விஷயம் நன்றாகத் தெரியும், வாயில் வராது. அதனாலேயே விரிவுரையில் கேள்வி கேட்காமல் இருந்துவிடுகிறார்கள். எனக்குக் கைகொடுத்த வழி இது: ஒவ்வொரு சொல்லையும் பொருளுக்காக ஒரு தடவை, உச்சரிப்புக்காக ஒரு தடவை பிரியுங்கள். இரண்டும் பல நேரம் ஒரே இடத்தில் பிரியாது.

ஹெலிகொப்டரையே எடுங்கள். கிரேக்கத்தில் ‘ஹெலிகோ’ சுருள், ‘ப்டர்’ சிறகு. சொல்லும்போதோ ஹெ-லி-கொப்-டர், சிறகின் ‘ப்’ முந்தின அசையோடு ஒட்டிக்கொள்கிறது. பன்னத் தாவரங்களைக் குறிக்கும் டெரிடோஃபைட்டிலும் அந்த வேரின் உறவுதான் இருக்கிறது. அங்கே அது சொல்லின் தலையில் நிற்பதால், ஆங்கிலத்தில் ‘பி’ என்ற எழுத்தை எழுதவேண்டும், ஒலிக்கக்கூடாது: டெ-ரி-டோ-ஃபைட். ‘ஃபைட்’ என்றால் தாவரம். நம் காட்டு மரக்கிளைகளில் வளரும் ஓர்கிட் எபிஃபைட். ‘எபி’ என்றால் மேலே. நுவரெலியாவுக்குப் பக்கத்தில் உள்ள ஹக்கல தாவரவியல் பூங்காவுக்குப் போனால் பன்னங்களைப் பார்த்தபடியே இந்தச் சொற்களைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், மனதில் நிற்கும்.

அப்புறம் அழுத்தம். இதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. தமிழில் அசைகளை ஏறத்தாழ ஒரே கனத்தில் சொல்வோம். ஆங்கிலத்தில் ஓர் அசை தூக்கலாக வரும். ஒளித்தொகுப்பு என்பது ஃபோ-டோ-சின்-தி-சிஸ், அழுத்தம் ‘சின்’ மேல். அதுவே ஃபோ-டோ-சின்-தெ-டிக் ஆனால் அழுத்தம் ‘தெ’வுக்குப் போய்விடும். ‘இக்’ என்று முடிந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தின அசையில்தான் அழுத்தம்: ஜெனட்டிக், மெட்டபொலிக் எல்லாம் அப்படித்தான்.

பயமுறுத்தும் சொல் ஒன்று: பொலிஃபீனோல் ஒக்சிடேஸ். ‘பொலி’ பல, ‘ஒக்சிட்’ ஒக்சியேற்றம், ‘ஏஸ்’ என்று முடிந்தால் நொதியம். பல ஃபீனோல் கூட்டங்களைக் கொண்ட சேர்வைகளை ஒக்சியேற்றும் நொதியம், அவ்வளவுதான். தேயிலை ஃபெக்டரியில் கொழுந்தை அரைக்கும்போது கலங்கள் உடைந்து, பச்சை செம்புநிறமாக மாறுகிறதே, அந்த வேலையைச் செய்வது இதுதான்.

சீஆர் கொப்பியில் சொல்வாரியாக எழுதாமல் வேர்வாரியாக எழுதுங்கள். ‘ஏஸ்’ பக்கத்தில் அமைலேஸ், லிப்பேஸ் தானாக வந்து சேரும். ஃபோனில் உள்ள அகராதியில் ஒலியைக் கேட்டு, அழுத்தம் விழும் அசைக்கு அடியில் மட்டும் கோடு போடுங்கள்.